நாற்பத்தாறு வருஷமும் ஒரு தொப்பியும்

போன கல்ச்சுரல்ஸில் ஃபேஷன் ஷோவுக்கு நாடு நாடாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு விழுந்தது ஸ்காட்லாந்து. கில்ட் ஒரு பிரச்சினையே இல்லை. ஹாஸ்டலில் கட்டம் போட்ட லுங்கிக்கா பஞ்சம்? பின்பக்கம் மடிப்பு வைத்து, முழங்கால் வரை ஏற்றி, பெல்ட் போட்டால் கடைசி ரோவில் இருந்து பார்க்கிறவனுக்கு கில்ட்தான். மாட்டிக்கிட்டது தலையில். ஒருத்தன் கௌபாய் தொப்பி கொண்டு வந்தான். இன்னொருத்தன் என்.சி.சி. தொப்பி. மூன்றாவது ஆள் கிரிக்கெட் கேப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றான். மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தோம். பார்க்க முடியவில்லை.

கில்ட்டுக்கு எந்தத் தொப்பி சரி என்று அன்றைக்கு ராத்திரி தேட உட்கார்ந்தவன் நான். விடியும்போது நான் படித்துக்கொண்டிருந்தது தொப்பியைப் பற்றி இல்லை, ஒரு ஆளைப் பற்றி. பேர் கோலின் கேம்ப்பெல். அதுவும் அவர் பிறந்த பேர் இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் தொப்பிக் கணக்கை முடித்துவிடுகிறேன், அது தெரியாமல் இந்த ஆள் புரிய மாட்டார். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் இருக்கும் மலைப்பகுதிக்கு ஹைலண்ட்ஸ் என்று பேர். கில்ட் அந்த மலைக்காரர்களின் உடை. முழுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி என்று கணக்குச் சொல்வார்கள். நம்ம மடிசாருக்கு ஒரு கஜம்தான் கம்மி. தலையில் அவர்கள் போட்டது கம்பளி நூலில் பின்னிய, ஊத்தப்பம் மாதிரி தட்டையான வட்டத் தொப்பி. பானட் என்பார்கள், பெரும்பாலும் நீல நிறம். மற்ற தொப்பியெல்லாம் இதன் பிள்ளைகள். வட்டமாகவே விட்டு உச்சியில் ஒரு நூல்பந்து தைத்தால் பால்மோரல். நெடுக்காக மடித்துப் படகு மாதிரி ஆக்கி, பின்பக்கம் இரண்டு ரிப்பன் தொங்கவிட்டால் கிளென்கேரி. இதில் இறகு செருகுவதற்கும் கணக்கு உண்டு. குலத்தலைவர் என்றால் மூன்று கழுகிறகு. மற்றவர்கள் ஆசைக்குச் செருகிக்கொள்ள முடியாது.

1746-ல் கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் ஹைலண்ட் குலங்கள் அரசுப் படையிடம் நொறுங்கிப் போயின. அதோடு விடாமல், ஆண்கள் யாரும் ஹைலண்ட் உடை அணியக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் 1782 வரை இருந்தது. விலக்கு ஒரே இடத்தில்தான், ராணுவத்தில். அதாவது, தன் தாத்தா கட்டிய உடையைக் கட்ட ஆசைப்படுகிற மலைக்காரன், தன் தாத்தாவைத் தோற்கடித்த அரசனின் பட்டாளத்தில் போய்ச் சேர வேண்டும். கில்ட் என்றாலே இன்றைக்கும் பாதிப் பேருக்கு சிப்பாய் ஞாபகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

பட்டாளத்தில்தான் அந்தத் தட்டைத் தொப்பி வளர ஆரம்பித்தது. சிப்பாய்கள் அதில் தீக்கோழி இறகு செருகினார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, கடைசியில் கம்பியில் கூடை மாதிரி கூடு கட்டி, அதன்மேல் முழுக்கக் கறுப்புத் தீக்கோழி இறகை அடுக்கி, ஒரு பக்கம் இறகு வால்கள் தொங்க, இன்னொரு பக்கம் நிறக் குஞ்சம் நிற்க, நெற்றியைச் சுற்றிக் கட்டம் போட்ட பட்டியோடு ஒரு பெரிய தொப்பி வந்து நின்றது. அதுதான் இறகு பானட். தூரத்தில் இருந்து பார்த்தால் கரடி முடி மாதிரி தெரியும். ஆளை அரை அடிக்கு மேல் உயரமாகக் காட்டும். மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கம்பியும் மேலே அடர்ந்த இறகும் வாள்வெட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்று அதைப் போட்டுக்கொண்டு சண்டை போட்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பார்வைக்கு ஹெல்மெட்டாகவே தெரியாத ஹெல்மெட்.

குஞ்சத்தின் நிறம்தான் ரெஜிமென்ட்டின் அடையாளம். 42-வது ரெஜிமென்ட்டுக்குச் சிவப்பு. 79-க்கும் 93-க்கும் வெள்ளை. இந்த மூன்று நம்பரையும் ஞாபகம் வையுங்கள்.

இனி ஆள்.

1792 அக்டோபரில் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு தச்சருக்கு மூத்த மகனாகப் பிறந்தான் கோலின். அப்பா பேர் ஜான் மக்லிவர். ஆக இவன் கோலின் மக்லிவர். மரவேலை செய்கிற வீட்டில் நாலு பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்திருக்க வேண்டியவன். தலையெழுத்தை மாற்றியது தாய்மாமா. அம்மாவின் அண்ணன் ஜான் கேம்ப்பெல் ராணுவத்தில் கர்னல். மாமா படிக்க வைத்தார், தெற்கே இங்கிலாந்தில் ராணுவப் பள்ளியில் சேர்த்தார், 15 வயதில் கூட்டிக்கொண்டு போய்ப் படைத்தளபதி யார்க் பிரபு முன்னால் நிறுத்தினார்.

தளபதி பையனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், இதுவும் இன்னொரு கேம்ப்பெல் போல என்று நினைத்து அந்தப் பேரையே எழுதச் சொல்லிவிட்டார். பையன் வெளியே வந்து மாமாவிடம் பேர் தப்பாயிடுச்சே என்றிருக்கிறான். ராணுவத்தில் கேம்ப்பெல் என்பது நல்ல பேர், வாயை மூடிக்கொண்டு வைத்துக்கொள் என்பது மாமாவின் பதில். ஆதார் கார்டில் பேர் தப்பாகி அலைகிற நமக்கு இது புரியும். வித்தியாசம் என்னவென்றால், இவர் கடைசிவரை திருத்தவே இல்லை. கேம்ப்பெல் ஒரு ஹைலண்ட் குலப்பேர். தச்சர் மகன் மக்லிவர் 1808-ல் 9-வது ரெஜிமென்ட்டில் கேம்ப்பெல்லாகச் சேர்ந்தான்.

அந்த வருஷமே போர்ச்சுகலில் விமெய்ரோ சண்டை. நெப்போலியன் படை பீரங்கியால் அடித்துக்கொண்டிருக்கிறது. பையனுக்கு 16 வயது ஆகவில்லை. அவனுடைய கேப்டன் வந்தார், கையைப் பிடித்தார், படைவரிசைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், குண்டு பறக்கிற வெட்டவெளியில் மெதுவாக அங்கும் இங்கும் நடக்க வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். பயம் போச்சு. தன் வாழ்க்கையில் தனக்கு யாரும் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்று வயதான காலத்தில் கேம்ப்பெல் சொல்வாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 15 வயதுப் பையனுக்கு அதைச் செய்வது உபகாரமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அடுத்து ஸ்பெயினில் கொருன்னா வரை பனியில் பின்வாங்கல். பூட்ஸின் அடிப்பாகம் முழுக்கத் தேய்ந்து போய் வெறும் காலில் நடந்திருக்கிறான். கப்பல் ஏறிக் கழற்றப் பார்த்தால் மேல்தோல் காலோடு ஒட்டிப் போயிருந்தது. வெந்நீரில் ஊற வைத்து வெட்டி எடுத்தபோது அவன் தோலும் சேர்ந்து வந்தது. அதே வருஷம் வால்கரன் தீவில் பிடித்த காய்ச்சல் ஆயுசு முழுக்க விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

1813-ல் சான் செபாஸ்டியன் கோட்டை. மதில் உடைந்த இடத்தில் முதலில் ஏறுகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தலைமை தாங்கியவர் 20 வயது லெப்டினன்ட் கேம்ப்பெல். இரண்டு குண்டு வாங்கினார், உயிரோடு வந்தார். காயம் ஆறும் முன்பே சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் இருந்து நழுவி, நொண்டிக்கொண்டே ரெஜிமென்ட்டைத் தேடிப் போய், அடுத்த சண்டையில் மறுபடி அடிபட்டார். மேலதிகாரி முதலில் திட்டினார், பிறகு பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தார். 21 வயதில் கேப்டன்.

இந்த ரேட்டில் போனால் முப்பதில் ஜெனரல் ஆகியிருக்க வேண்டும் இல்லையா? அங்கேதான் கதை நின்றது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒளிவுமறைவாக இல்லை, சட்டப்படி, விலைப்பட்டியலோடு. 1871-ல்தான் அதை ஒழித்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை ஒரு சண்டையும் பார்க்காமல் 25 வயதில் ரெஜிமென்ட்டுக்குத் தலைவனாகலாம். தச்சர் மகனால் முடியாது. சம்பளத்தில் இருந்து அப்பாவுக்கு வேறு பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். கேப்டனில் இருந்து மேஜராக 12 வருஷம். அதுவும் தெரிந்தவர் உதவியில் பணம் கிடைத்ததால். அதற்கப்புறம் லெப்டினன்ட் கர்னலாக 7 வருஷம். நேற்று வந்தவர்கள் இவரைத் தாண்டிப் போனார்கள். பிளேஸ்மென்ட்டில் தகுதியெல்லாம் இருந்தும் ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இவருடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

இடையில் அவர் இருந்த இடங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வெறும் உழைப்பால் உயர்ந்த உத்தமர் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 1823-ல் தென்னமெரிக்காவின் டெமெராரா தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய படையில் இவர் இருந்தார். 1842-ல் சீனாவில் அபினிப் போர். அங்கே 98-வது ரெஜிமென்ட்டுக்கு இவர் தலைவர். எதிரியின் குண்டைவிட நோயில் செத்த சிப்பாய்கள் அதிகம். 1849-ல் பஞ்சாப். சிலியான்வாலாவில் சீக்கியப் படையிடம் வாள்வெட்டு வாங்கினார், போர் முடிந்ததும் சர் பட்டம் வாங்கினார். பிறகு பெஷாவரில் இருந்தபோது, மலைக்கிராமங்கள்மேல் படையெடுப்பது பற்றி மேலிடத்தோடு முட்டிக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பினார். அறுபது வயது. உடம்பில் பழைய குண்டுக்காயம், பழைய காய்ச்சல். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

1854-ல் ரஷ்யாவோடு கிரிமியப் போர் வந்தது. 61 வயதில் அவரைக் கூப்பிட்டு ஒரு பிரிகேடைக் கையில் கொடுத்தார்கள். 42, 79, 93. மூன்றும் கில்ட் கட்டிய ஹைலண்ட் ரெஜிமென்ட்டுகள்.

ஒன்றைக் கவனியுங்கள். பேரில் ஹைலண்ட் குலம் இருந்தது, அம்மா வழி ரத்தத்திலும் இருந்தது. ஆனால் 46 வருஷ சர்வீஸில் இவர் ஒரு நாள்கூட கில்ட் கட்டிய ரெஜிமென்ட்டில் இருந்ததில்லை. நகரத்தில் பிறந்தவர். பேரோ ஒரு குமாஸ்தாத்தனமான தப்பில் வந்தது. இப்போது அசல் மலைக்காரர்கள் மூவாயிரம் பேருக்குப் பக்கமாக இறகு பானட்டோடு முன்னால் நிற்கிறார்கள். இவர் தலையில் ஜெனரல்களின் காக்டு ஹேட், இரண்டு பக்கமும் மடித்துத் தூக்கிய, முன்னும் பின்னும் கூரான தொப்பி. உத்தியோகத்தில் பெரியது அதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் அந்நியமாகத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

1854 செப்டம்பர் 20, அல்மா ஆறு. ஆற்றைத் தாண்டினால் மேடு, மேட்டின் மேல் ரஷ்யப் பீரங்கிகள். கிளம்பும் முன் கேம்ப்பெல் சிப்பாய்களிடம் பேசினார். அடிபட்டு விழுந்தவனைத் தூக்குகிறேன் என்ற சாக்கில் யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது, அதற்கு வேறு ஆட்கள் உண்டு. மீறி விலகினால் அவன் பேரை அவன் ஊர்ச் சர்ச்சில் எழுதி ஒட்ட வைப்பேன் என்றார். ஜெயில் என்று மிரட்டவில்லை, சவுக்கு என்று மிரட்டவில்லை. ஊரில் அசிங்கப்படுவாய் என்றார். பத்து வயசில் வீட்டை விட்டுக் கிளம்பிய மனுஷனுக்கு ஊர்க்காரனை எங்கே தொட்டால் வலிக்கும் என்று எப்படியோ தெரிந்திருந்தது.

மூன்று ரெஜிமென்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி மேட்டில் ஏறின. ஒவ்வொரு முறை ரஷ்யர்கள் ஒரு ரெஜிமென்ட்டைப் பக்கவாட்டில் தாக்கத் திரும்பும்போதும் அடுத்த ரெஜிமென்ட் புகைக்குள் இருந்து முளைத்தது. கேம்ப்பெல்லின் குதிரை சுடப்பட்டு விழுந்தது. இன்னொரு குதிரையை வாங்கிக்கொண்டு போனார். மேடு கையில் வந்தது.

சண்டை முடிந்ததும் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு ஆள் அனுப்பினார். வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர் அவர். கண்ணில் தண்ணீரோடு இருந்தார் என்கிறார்கள். என்ன வேண்டுமோ கேட்கலாம் என்கிற நேரம். பதவி கேட்கலாம், மெடல் கேட்கலாம். 46 வருஷமாகத் தாண்டிப் போனவர்கள் பட்டியலை எடுத்து நீட்டலாம்.

கேம்ப்பெல் கேட்டது ஒரு தொப்பி. இந்தப் போர் முடிகிறவரை, இந்தப் பிரிகேடுக்குத் தலைவனாக இருக்கிறவரை, ஜெனரல் தொப்பிக்குப் பதிலாக ஹைலண்ட் பானட்டை அணிய அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

அனுமதி கிடைத்தது. இனி தொப்பி வேண்டுமே, அதுவும் போர்க்களத்தில். 42-வது ரெஜிமென்ட்டில் ஒரு லெப்டினன்ட்டிடம் ரகசியமாக வேலையை ஒப்படைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அரை டஜன் பேருக்கு மேல் இல்லை. அந்த ஆளுக்கு ஒரு அசல் டிசைன் சிக்கல் வந்தது. குஞ்சம் என்ன நிறம்? சிவப்பு வைத்தால் 42-க்கு மட்டும் சொந்தக்காரர். வெள்ளை வைத்தால் 42-ஐ விட்ட மாதிரி. யோசித்து, குஞ்சத்தை மூன்று பங்காகப் பிரித்தார்கள். மேல் பங்கு சிவப்பு, 42-க்கு. கீழே இருக்கிற இரண்டு பங்கும் வெள்ளை, 79-க்கும் 93-க்கும். அப்படி ஒரு குஞ்சம் அந்தப் படையிலேயே வேறு யாருக்கும் கிடையாது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த எஞ்சினியரிங் இதுதான்.

பிரிகேடைச் சதுரமாக நிற்கச் சொல்லி உத்தரவு போனது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கேம்ப்பெல் குதிரையில் உள்ளே வந்தார், தலையில் அந்த பானட்டோடு. கைதட்டச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு மூன்று ரெஜிமென்ட்டும் கத்த ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. மறுபடி மறுபடி அலை அலையாக வந்த சத்தம் கேட்டு, பக்கத்தில் முகாமிட்டிருந்த மற்ற பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் என்னவோ ஏதோ என்று திகைத்துப் போயின.

இந்த இடத்தைப் படித்தபோது மணி மூன்றரை இருக்கும். ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். திட்டினான்.

ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 25, பாலக்லாவா. துறைமுகத்துக்குப் போகும் வழியில் நின்றது 93-வது, சுமார் 500 பேர். எதிரே ரஷ்யக் குதிரைப்படை. குதிரைப்படை வந்தால் காலாட்படை சதுரமாகச் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது பாடப்புத்தகம். கேம்ப்பெல் இரண்டே வரிசையில் நீளமாக நிற்க வைத்தார். சதுரத்தில் நின்றால் எதிரியைப் பார்த்துச் சுடுவது நாலில் ஒரு பங்கு துப்பாக்கி, நீள வரிசையில் அத்தனையும் சுடும். வரிசை ஒரு இடத்தில் உடைந்தால் எல்லாம் போச்சு என்பது இதில் இருக்கும் ரிஸ்க். பின்வாங்க இடம் இல்லை, நின்ற இடத்தில் சாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இளவட்டங்கள் பாய்ந்து முன்னே ஓடப் பார்த்தபோது கெட்ட வார்த்தையில் திட்டி நிறுத்தினார். துப்பாக்கிகள் வெடித்தன, குதிரைகள் வளைந்து திரும்பின. லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் ரஸ்ஸல் மேட்டில் இருந்து பார்த்து எழுதியதில் இருந்துதான் மெல்லிய சிவப்புக் கோடு என்கிற பேர் பிறந்தது. பின்னால் 1881-ல் ராபர்ட் கிப் வரைந்த ஓவியத்தில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். சிவப்புக் கோட்டு, கில்ட், மேலே கறுப்பு இறகு மலை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் படத்தை ரசிக்க முடியாது. 93-வது ரெஜிமென்ட் சதர்லாந்து என்ற மலைமாவட்டத்தில் திரட்டியது. அந்த ஆட்கள் பட்டாளத்துக்குப் போன கொஞ்ச வருஷத்தில், அதே மாவட்டத்தின் பள்ளத்தாக்குகளில் இருந்து குடியானவர்களைக் காலி செய்து நிலத்தை ஆட்டுமந்தைக்கு விட்டார்கள் நிலக்காரர்கள். கில்ட்டும் பானட்டும் உலகப் புகழ் அடைந்துகொண்டிருந்தபோது, அதைப் போட்டவர்களின் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

1857 ஜூலையில் லண்டனில் பிரதமர் பாமர்ஸ்டன் கூப்பிட்டு, இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள், தலைமைத் தளபதியாகப் போக எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டார். மறுநாளே கிளம்பினார். வயது 64. ஆகஸ்டில் கல்கத்தா. சீனாவுக்குக் கப்பலேறியிருந்த 93-வது ரெஜிமென்ட்டையும் வழியில் இந்தியாவுக்குத் திருப்பினார்கள். நவம்பரில் லக்னோவுக்கு வெளியே வெட்டவெளியில் கேம்ப்பெல் படையைப் பார்வையிட்டபோது, அதே கில்ட், அதே இறகு பானட் அங்கே நின்றது.

நவம்பர் 16, சிக்கந்தர் பாக். உயர்ந்த மதில் சுற்றிய தோட்டம், உள்ளே புரட்சிச் சிப்பாய்கள். மதிலில் பீரங்கியால் ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். அதன் வழியாக 93-ம் பஞ்சாப் படையும் நுழைந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே வழி இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் பேருக்குப் பக்கமாகச் செத்துக் கிடந்தார்கள். அடுத்த வருஷம் பியாட்டோ என்கிற போட்டோக்காரர் அங்கே எடுத்த படம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. இடிந்த மாளிகை, முற்றத்தில் எலும்புகள். அல்மாவில் கத்திக் கொண்டாடிய அதே ரெஜிமென்ட், அதே தலைவர். மூன்றரை மணிக்கு எனக்கு வந்த சிலிர்ப்பை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு மரத்தின் மேல் இருந்து சுட்டுக்கொண்டே இருந்த ஒருவரைக் கீழே வீழ்த்தியபோது, அது பெண் என்று தெரிந்ததாக 93-வது ரெஜிமென்ட்காரர் ஒருவரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. லக்னோ மக்கள் அவரை உதா தேவி என்று அடையாளம் சொல்கிறார்கள். சிக்கந்தர் பாக் பக்கத்தில் துப்பாக்கியோடு சிலையாக நிற்கிறார். லக்னோ என்றதும் நம்ம பக்கம் ஞாபகம் வர வேண்டிய சிலை இன்னொன்று உண்டு. இரண்டு மாதம் முன்னால் அதே நகரத்தில் செத்த நீல் என்கிற அதிகாரியின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. சத்தியாகிரகம் எல்லாம் நடந்து 1937-ல்தான் அதை அங்கிருந்து எடுத்தார்கள்.

கேம்ப்பெல் அந்த முறை ரெசிடென்சியில் சிக்கியிருந்தவர்களை வெளியே கொண்டுவந்துவிட்டு நகரத்தை விட்டுவிட்டுப் போனார். 1858 மார்ச்சில் பெரிய படையோடு திரும்பி வந்து பிடித்தார். மெதுவாகத்தான் நகர்வார். தன் சிப்பாய் வீணாகச் சாகக் கூடாது என்பதில் அவ்வளவு கஞ்சத்தனம். பொறுமை இழந்த அதிகாரிகள் அவர் பேரை வைத்து, தவழ்கிற ஒட்டகம் என்று பட்டப்பேர் வைத்தார்கள். தன் பக்கத்து உயிர்களை எண்ணி எண்ணிச் செலவழித்தவர், எதிர்ப் பக்கத்தை எண்ணியதாகத் தெரியவில்லை.

அதே வருஷம் பிரபு பட்டம் கொடுத்தார்கள். பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பேரைப் பட்டத்தோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். இவருக்கு ஏது நிலம்? பிறந்த ஊரின் ஆற்றுப் பேரை எடுத்துக்கொண்டு கிளைடு பிரபு ஆனார். மக்லிவர், கேம்ப்பெல், கிளைடு. முதல் பேர் அப்பாவுடையது, இரண்டாவது தப்பில் வந்தது, மூன்றாவது ஒரு ஆறு. 1860-ல் ஊர் திரும்பினார், 1862-ல் ஃபீல்ட் மார்ஷல், 1863 ஆகஸ்ட் 14-ல் சாத்தம் நகரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இறந்தார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். வாரிசு இல்லாததால் பிரபு பட்டம் அவரோடு போயிற்று.

எங்கள் ஷோவுக்கு வருகிறேன். இறகு பானட் செய்யலாமா என்று பேசிப் பார்த்தோம். கம்பிக்கூடு மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேர வேலை. இறகுக்குக் கறுப்பு கிரேப் பேப்பர் போதும் என்றார்கள். குஞ்சம் என்ன நிறம் என்று யாரோ கேட்டார்கள். நான் சிக்கந்தர் பாக் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் சார்ட் பேப்பரை நெடுக்காக மடித்து, பின்னால் இரண்டு கறுப்பு ரிப்பன் ஒட்டி, மூன்று பேருக்கும் கிளென்கேரி செய்தோம். இறகு வைக்கவில்லை. எங்களில் யாரும் குலத்தலைவர் இல்லையே. மூன்றாவது பரிசு கிடைத்தது. ஸ்டேஜ் ஃபேன் காற்றில் ஒருத்தன் தொப்பி பறந்ததால்தான் முதல் பரிசு போச்சு என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.